பிளிட்ஸ்கிரீக் என்பதன் பொருள் என்ன? தமிழில் ‘மின்னல் தாக்குதல்’ என்று எழுதலாமா?

தாங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். ஜெர்மன் மொழியில் ‘பிளிட்ஸ்’ என்றால் மின்னல், ‘கிரீக்’ என்றால் போர்; ஆகவே ‘மின்னல் போர்’ என்பதே நேரான தமிழ். ‘மின்னல் தாக்குதல்’ என்பது ஓர் இரவில் முடிந்துவிடும் அதிரடிக்கும் பொருந்தும். இச்சொல்லோ எதிரி சுதாரித்து அணிதிரள்வதற்குள் போரையே முடித்துவிடுவதைக் குறிக்கிறது.

இச்சொல்லால் நான் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் உலகப் போர் பற்றிய நூலொன்றைத் தமிழாக்கினேன். 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன்மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்ததையும் அடுத்த மே வரை அது நீண்டதையும் ஆங்கிலேயர் ‘பிளிட்ஸ்’ என்றே சொல்வார்கள். அதை ‘லண்டன் குண்டுவீச்சு’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது, அந்த இயல் முழுவதும் அச்சொற்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘மின்னல் போர்’ என்று எழுதப்பட்டிருந்தது. மாதக்கணக்கில் நீண்ட குண்டுவீச்சு மின்னல் போர் ஆகாது என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பதிப்பாசிரியர் இசையவில்லை; பிழை என் பெயரிலேயே அச்சேறியது.

மின்னல் போருக்குச் சரியான எடுத்துக்காட்டு பிரான்ஸ். 1940 மே 10 அன்று தொடங்கிய தாக்குதலில், ஜெர்மன் படைகள் 13ஆம் தேதி செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்து, 20ஆம் தேதி அபேவில் நகரை அடைந்து கடற்கரையைத் தொட்டுவிட்டன. பிரெஞ்சு டாங்கிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றில் பலவற்றின் சுழல்மேடைக்குள், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூண்டுக்குள், ஒற்றை ஆளாக அமர்ந்திருந்த தலைவரே குண்டைத் திணித்து, குறிபார்த்துச் சுட்டு, வண்டிக்கு வழியும் சொல்ல வேண்டியிருந்தது. ஜெர்மன் டாங்கிகளில் வானொலிக் கருவி இருந்ததால், ஓடும்போதே ஆணைகளை மாற்ற முடிந்தது.

இதைச் சொன்னதும் ஜெர்மானியரின் எழுதிவைத்த போர்க்கோட்பாடே இதுதான் என்று வாதிடுவோர் உண்டு. 1930களிலேயே ஜெர்மன் இராணுவ இதழ்களில் இச்சொல் அரிதாக வந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1939இல் போலந்து வீழ்ந்தபோது இதை உலகெங்கும் பரப்பியவை ஆங்கில இதழ்களே. ஜெர்மன் தளபதிகள் ‘நகர்வுப் போர்’ என்ற பழைய சொல்லையே கையாண்டார்கள். அவர்களுடைய படையின் பெரும்பகுதி கால்நடையாகவும் குதிரை வண்டிகளோடும்தான் சென்றது. 1941 நவம்பரில் ஹிட்லரே இச்சொல்லைத் தாம் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்று மேடையில் மறுத்தார்.

ஆகவே தேர்வில் தயங்காமல் ‘மின்னல் போர்’ என்றே எழுதுங்கள். நான் தமிழாக்கிய அந்த நூல் கைக்கு வந்தால், லண்டன் இயலில் மட்டும் அச்சொல்லை அடித்துவிட்டுக் ‘குண்டுவீச்சு’ என்று திருத்திப் படியுங்கள்.