மரத்தில் ஏறும் திருகாணியை எவ்வளவு இறுக்குவது?

கேள்வி: புதுக்குடியிருப்பில் கராஜ் வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் கார்த்திகையில் மான் வேட்டைக்குப் போகிறவர். அவருடையது போல்ட் அக்சன் றைபிள், அதாவது போல்ட் என்கிற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற துவக்கு. அதன் மரக்கட்டையைக் கழற்றித் துடைத்துப் பூட்டியதிலிருந்து குண்டுகள் ஓரிடத்தில் விழுவதில்லையாம். இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு பிடிக்கிற திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டார். கைக்கு ஏலுமான மட்டும் இறுக்குங்கள் என்றேன். சரிதானே?

பதில்: இல்லைத் தம்பி, இன்றைக்கே போன் எடுத்துத் தளர்த்தச் சொல்லுங்கள். இரும்போடு இரும்பு சேருகிற இடத்துப் பழக்கம் மரத்துக்கு ஒத்துவராது. எங்கள் வீட்டு மாட்டுவண்டியில் ஆவணி வெயிலில் பூட்டிய போல்ட்டை மார்கழி மழைக்குப் பிறகு பார்த்தால், கெட்டியான முதிரைப் பலகையே ஊதி வொஷரைப் பாதி விழுங்கியிருக்கும். அடுத்த வெயிலுக்கு அதே போல்ட் கையாலேயே சுற்றும். முதிரையே அப்படியென்றால் துவக்குக் கட்டை எம்மாத்திரம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மரம் நசுங்கும், மேலே இருக்கிற இரும்பும் மெல்ல வளையும், குறி போய்விடும்.

கம்பனிப் புத்தகத்தில் எண் இருந்தால் அதுதான் வேதம். இல்லையென்றால் வெறும் மரத்துக்கு 35 முதல் 45 அங்குல இறாத்தல் போதும், திருகாணித் துளைக்குள் உலோகக் குழாய் வைத்த கட்டை 65 வரை தாங்கும். இது இறுக்குகிற முறுக்கு விசையின் அளவு, அங்குல இறாத்தல், கவனம்! 12 அங்குல இறாத்தல் சேர்ந்தால்தான் ஒரு அடி இறாத்தல். 40 என்றால் ஏறத்தாழ நாலரை நியூட்டன் மீற்றர், எஞ்சின் ஹெட் நட்டுக்கு நீங்கள் பிடிக்கிற, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் றெஞ்ச் பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்காது, அதற்குச் சின்னது தனியாக வாங்க வேண்டும்.

முதலில் தோட்டா அடுக்குகிற மகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கட்டும். அப்புறம் பின்கட்டையை நிலத்தில் ஊன்றித் துவக்கை நிமிர்த்தி வைக்க வேண்டும். முன் திருகாணிக்குக் கிட்ட இரும்பின் அடியில் ஒரு தடித்த பல் இருக்கும், சுடும்போது வருகிற உதையை மரத்தில் இறக்குவது அதுதான், நிமிர்த்தி வைத்தால் அது தன் பாரத்தில் பின்னால் போய் ஒட்டி உட்காரும். இரண்டு திருகாணியையும் விரலால் பிடிக்க விட்டு, முன்னதைக் கொஞ்சம், பின்னதைக் கொஞ்சம் என்று மாறி மாறி ஏற்ற வேண்டும். நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தால் அதைச் சும்மா பிடிக்க விட்டாலே போதும். மரைக்கு எண்ணெய் பூச வேண்டாம், எண்ணெய் பட்டால் அதே எண்ணில் கூட இழுக்கும். முடிந்ததும் தோட்டா ஏற்றுகிற அந்தத் துவக்குப் போல்ட்டை இழுத்துப் பார்க்கட்டும். சிக்கினால் முன் திருகாணி நீளம் கூடிப் போல்ட்டில் முட்டுகிறது. சில துவக்குகளில் முன்னதும் பின்னதும் வேறு வேறு நீளம், கழற்றியபோது மாறியிருக்கலாம்.

வீட்டுக்குள் ஹீற்றர் போடுகிற நாடு, மரம் காய்ந்து சுருங்கும், அதனால் வேட்டைக்கு முதல் வாரம் இன்னொரு தரம் எண் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கட்டையின் முன்நுனியும் குழலும் சேருகிற இடத்தில் விரல்நுனியை வைத்துக்கொண்டு முன் திருகாணியை மெதுவாகத் தளர்த்தச் சொல்லுங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் குறை இறுக்கத்தில் இல்லை, இரும்பு மரத்தில் சரியாகப் படியவில்லை. அதைத் துவக்குத் திருத்துகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும்.