ஜிம் சந்தா, புரோட்டீன் டப்பா, தண்ணீர் பாட்டில்: ஜெர்மனி வாசகர் கேள்வி-பதில்

ரயில் நிலைய வாசலில் ஒருவர் மறித்து "முதல் மாதம் இலவசம்" என்று பேசி, அப்படியே பக்கத்து ஜிம்முக்குக் கூட்டிப்போய் டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார். எல்லாம் ஜெர்மன் மொழியில். வீட்டுக்கு வந்து பார்த்தால் 24 மாத ஒப்பந்தம். ஒரு வாரம் ஆகிவிட்டது. (மாணவர், டோர்ட்முண்ட்)

பயப்படாதீர்கள் தம்பி, காசு போகாது. தெருவில் மறித்துப் பேசி, கையோடு கடைக்குள் கூட்டிப்போய்ப் போட வைத்த ஒப்பந்தம் சட்டப்படி கடைக்கு வெளியே போட்டதாகவே கணக்கு. 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் அதிலிருந்து விலகலாம். 'விடர்ரூஃப்' (விலகல்) என்று தலைப்பிட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிவுத் தபாலும் போடுங்கள். இந்த உரிமை இருப்பதையே உங்களிடம் சொல்லவில்லை என்றால் கெடு மேலும் 12 மாதம் நீளும். மசியவில்லையா, உங்கள் ஊர் 'ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலே'வுக்குப் போங்கள், நுகர்வோருக்காகவே இருக்கும் இடம். ஊருக்குப் புதிதாக வந்த, மொழி தெரியாத பிள்ளைகளாகப் பார்த்து வலை விரிப்பவர்களை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஆஹனிலிருந்து மியூனிக் மாறிவிட்டேன். பழைய ஜிம் இன்னும் பணம் எடுக்கிறது. ஜிம்முக்கே போய்ப் போட்ட ஒப்பந்தம், படித்துப் பார்க்கவில்லை. நிறுத்தலாமா?

முடியாது. வீடு மாறியது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் கெடு முடிவில் நிற்கும்படி ரத்துக் கடிதத்தை இப்போதே அனுப்புங்கள். இரண்டு வருடக் காசைக் கட்டப்போகிறவர் இரண்டு பக்கத்தைப் படிக்கக் கூடாதா?

புரோட்டீன் புட்டிங், புரோட்டீன் பார், பவுடர் என்று மாதச் செலவு எகிறுகிறது. எது மலிவு?

எதுவும் வேண்டாம். ஒரு உணவின் கலோரியில் 20 சதவீதம் புரதத்திலிருந்து வந்தாலே ஐரோப்பிய விதிப்படி 'ஹை புரோட்டீன்' என்று அச்சடிக்கலாம், அந்த இரண்டு சொல்லுக்குத்தான் நீங்கள் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். அதே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வெள்ளை டப்பாவில் 'மாகர்குவார்க்' இருக்கும், கொழுப்பெடுத்த கெட்டித் தயிர் மாதிரி. 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதம், அரைக் கிலோ டப்பாவில் 60. உப்பு, சீரகத்தூள், வெள்ளரிக்காய் போட்டுப் பச்சடியாக அடித்தால் சப்பாத்திக்கு அருமை. மைசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் துருக்கிக் கடையில் பெரிய பையாகவே கிடைக்கும். அப்புறம், அலமாரிச் சீட்டில் பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'கிருண்ட்பிரைஸ்' பாருங்கள், ஒரு கிலோ என்ன விலை என்று அதில் இருக்கும். 2022 மே முதல் கிலோவுக்கோ லிட்டருக்கோ போட வேண்டும் என்பது சட்டம், முன்பு போல 100 கிராம் விலையைப் போட்டுக் கண்ணைக் கட்ட முடியாது. புட்டிங்கையும் குவார்க்கையும் அந்த எண்ணை வைத்து ஒருமுறை ஒப்பிட்டால் போதும், புட்டிங்கைத் தொட மாட்டீர்கள்.

எட்டு மாதத்தில் உடற்பயிற்சி சைக்கிளின் பெடல் உடைந்தது. கடையில் "கம்பெனிக்கு எழுதுங்கள்" என்கிறார்கள்.

நான் வாங்கிய மிக்ஸி ஐந்தாம் மாதமே நின்றபோது எனக்கும் இதே பதில்தான். நம்பாதீர்கள். பொறுப்பு விற்ற கடைக்கு, இரண்டு வருடம். முதல் 12 மாதத்தில் குறை வந்தால் பொருளிலேயே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். 'கெவேர்லைஸ்டுங்' (விற்றவர் பொறுப்பு) என்ற சொல்லைப் போட்டு எழுத்தில் கேளுங்கள். என் மிக்ஸிக்குப் புதிது கிடைத்தது.

தினமும் தண்ணீர் பாட்டில் தூக்கி முதுகு வலி.

குழாயில் பிடித்துக் குடியுங்கள், நல்ல தண்ணீர். வீட்டில் கிடக்கும் காலி பிளாஸ்டிக் பாட்டிலில் கடை திரும்ப எடுக்கும் குறி இருந்தால், வாங்கும்போது கட்டிய 25 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும், கடையில் கொண்டுபோய்ப் போடுங்கள்.