கோத்தகிரித் தாய் ஒருவருக்குப் பதில்: மகள் வணிக வழக்கறிஞராகலாமா?

அன்புள்ள அம்மா,

"எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை, இவள் அதையே தொழிலாக்கப் போகிறேன் என்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடிதடி வழக்கையும் மேசையைத் தட்டி முழங்கும் சினிமா வக்கீலையும் நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் மகள் கேட்பது வேறு வேலை. வராத பணம், மீறிய ஒப்பந்தம், உடைந்த கூட்டு வியாபாரம், வணிகச் சின்னத் தகராறு போன்றவைதான் வணிக வழக்குகள்.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். நீங்கள் பச்சைத் தேயிலை கொடுக்கும் தொழிற்சாலை, வடநாட்டு வியாபாரி ஒருவருக்குத் தூளைக் கடனுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, தரம் சரியில்லை என்று சொல்லி அவர் பாதிப் பணத்தை நிறுத்திவிடுகிறார். வழக்குக் காகிதக் கட்டு ஜூனியர் வக்கீலின் மேசைக்கு வருகிறது. அவர் முதலில் தேடுவது பில்லின் அடியில் பொடி எழுத்தில் உள்ள வரியை. "குன்னூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அதில் இருந்தால் கை ஓங்கும். இல்லாவிட்டால் வழக்கு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதே தனிச் சண்டையாகிவிடும். பிறகு லாரி ரசீது, எடைச் சீட்டு, சரக்கு இறங்கிய தேதி. "சரக்கு நன்றாக இருக்கிறது, அடுத்த லோடு அனுப்புங்கள்" என்று அந்த வியாபாரியே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அது பெரிய சாட்சி. ஆனால் மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிய பிறகுதான் வழக்குரையின் (வழக்குத் தொடுக்கும் மனுவின்) முதல் வரியை எழுதுவார்கள். என் கணிப்பில், நன்றாகப் பேசும் பிள்ளையைவிட அலுக்காமல் படிக்கும் பிள்ளைதான் இந்தத் தொழிலில் நிலைக்கும்.

2015இல் வந்த வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்கே இருந்தது. 2018இல் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்தார்கள். இதனால் சிறு தொழிற்சாலையின் பாக்கியும் ஊட்டி விடுதியின் குத்தகைத் தகராறும்கூட இதற்குள் வரலாம். அவசரத் தடை கேட்காத வழக்கில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். சம்மன் பெற்ற எதிராளி 120 நாளுக்குள் பதிலுரை கொடுக்காவிட்டால் அந்த உரிமையே போய்விடும். வக்கீல் ஒரு தேதியைக் கோட்டை விட்டால், கட்சிக்காரர் தன் பக்கக் கதையைப் பதிலாகத் தாக்கல் செய்யவே முடியாது. உங்கள் மகள் இதன் கனத்தை உணர வேண்டும்.

இனி பணம். உங்கள் கடிதம் முழுக்க ஓடுவது அந்தக் கவலைதான். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். படிப்பு முடிந்து மூன்று, நான்கு ஆண்டுகள் விடுதி வாடகைக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும். அதை இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். படிப்புச் செலவுக்கு மட்டும் தயாராகி, இந்த இடைக்காலத்தை மறந்த குடும்பங்கள்தான் திணறுகின்றன. சம்பளம் உடனே வேண்டுமென்றால் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேரலாம். ஆனால் முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் பொதுவாக வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. தொடக்கநிலை சிவில் நீதிபதி தேர்வுக்கும் மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் தேவை என்று 2025இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறாள் என்பதால், சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் உள்ள ஐந்தாண்டு பி.காம்., எல்.எல்.பி. அவளுக்குப் பொருந்தும். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம். கோவை அரசு சட்டக் கல்லூரியும் நல்ல தேர்வு. செலவு குறைவு, வீட்டுக்கும் பக்கம். திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் பல மடங்கு. கடன் வாங்கித்தான் அங்கே சேர்க்க முடியும் என்றால் நான் கோவையையே சொல்வேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் அதை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தங்களும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தினம் ஒரு தீர்ப்பில் இரண்டு பக்கம் படித்தால் ஓராண்டில் பழகிவிடும்.

மலையிலிருந்து போகிறவளை யார் மதிப்பார்கள் என்ற வரி என்னை வருத்தியது. இது வணிக வழக்கல்ல, ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் நீலகிரியின் கூடலூரில் பரம்பரை ஜன்ம நில உரிமையை ஒழித்த சட்டத்திலிருந்து கிளம்பிய கோயல்ஹோ வழக்கில்தான், 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கே எல்லை வகுத்தார்கள். நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

இந்த விடுமுறையில் ஒரு நாள் அவளைக் குன்னூர் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய் உட்காரவையுங்கள்; யாரும் போய்ப் பார்க்கலாம். வாய்தா வாய்தாவாகப் போகும் அந்தக் காலைப்பொழுது அவளுக்குச் சலிக்கிறதா, கேள்விகள் எழுகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு தொழிற்சாலை உங்களுக்குத் தந்த ஒரு வருட ரசீதுகளைக் கொடுத்து, எந்த மாதம் எவ்வளவு பாக்கி, என்ன காரணம் சொன்னார்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்பிவைத்தால், படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.