சாதி, மதம், பாலினம் எதையும் கொடுக்காவிட்டால் ஏ.ஐ. பாகுபாடு காட்டாதுதானே? பிறகு எதற்கு இதில் சமூக நீதிப் பேச்சு?

கேள்வி கேட்டவர் அநேகமாகக் கல்லூரியில் படிக்கிறவர், இல்லாவிட்டால் ஐ.டி. வேலைக்குப் புதிதாகப் போனவர் என்று நினைக்கிறேன். படிவத்தில் சாதி என்கிற கட்டத்தையே எடுத்துவிட்டால் சாதி எந்த வழியாக உள்ளே வரும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறவன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரைக்கும் படிவங்களோடுதான் பிழைப்பு. கட்டம் இல்லாவிட்டாலும் விஷயம் எப்படியாவது உள்ளே வந்து சேர்ந்துவிடும் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஒருவர் முகவரியில் 'காலனி' என்று இருந்தால், அது தலித் மக்கள் குடியிருக்கிற இடம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே, அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, பழைய கடன் விண்ணப்பம் என்று ஏற்கெனவே கணினிக்குள் போய்விட்ட காலனிகளை யார் போய் எடுப்பது? இருபது வருஷமாக எந்தத் தெருக்காரருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்தத் தெருக்காரரை 'அப்புறம் வாங்க' என்று திருப்பி அனுப்பினார்கள் என்கிற பழைய கணக்கைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கினால், அது அதைத்தான் கற்றுக்கொள்ளும். சாதிப் பெயர் அதற்குத் தேவையே இல்லை.

இது நானாகச் சொல்வது என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க உதாரணம் ஒன்று. எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அங்கே மருத்துவமனைகளில் ஒரு மென்பொருள் இருந்தது. அதில் இனம் என்கிற தகவலே கிடையாது. யாருக்கு மருத்துவச் செலவு அதிகமாகும் என்பதை வைத்து மதிப்பெண் போடும், அவ்வளவுதான். ஆனால் கறுப்பின மக்களுக்கு அதே அளவு நோய் இருந்தாலும் செலவழிக்கப்படும் பணம் குறைவு. செலவு குறைவு என்றால் நோயும் குறைவு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று 2019ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

சரி, ஆய்வை விடுங்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அம்மா.

அம்மா ஒரு கடன் குழுவில் இருக்கிறார். அரசு மகளிர் குழு அல்ல, தனியார் சிறுகடன் கம்பெனி நடத்துகிற குழு. வாராவாரம் தவணை, ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அம்மா ஒரு தவணை தவறியதில்லை. கையில் காசில்லாத வாரம் முட்டை விற்றோ சீட்டுப் பணத்தில் எடுத்தோ எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவார். ஒரு கடன் முடிந்து, கறவை மாடு வாங்க அடுத்த கடன் கேட்டிருந்தார்கள். கம்பெனித் தம்பி டேப்லெட்டோடு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே எல்லோருடைய அட்டையையும் போட்டோ எடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் பச்சை வந்தது. அம்மாவுக்குச் சிவப்பு.

"உங்களுக்கு வேற ரெண்டு எடத்துல லோன் ஓடுதும்மா. ஒண்ணு மூணு மாசத்துக்கு மேல கட்டாம நிக்குது. சிஸ்டம் எடுக்காது" என்றார். நான் எங்கேயும் வாங்கவில்லையே தம்பி என்று அம்மா சொல்கிறார். அவர் பதில் பேசாமல் திரையைத் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்பு தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். மறுநாள் காலையில் குழுத் தலைவி வந்து, "அக்கா, வாங்கியிருந்தா சொல்லிடுங்க, நாளைக்கு எங்க தலையில வந்து விடியக்கூடாது பாருங்க" என்று வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார். அப்பா அதற்கும் மேலே போய், "எங்கிட்டகூடச் சொல்லாம வாங்கினியா?" என்றார். அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் சோறு பரிமாறுவது மட்டும்தான் நடந்தது, பேச்சு இல்லை.

யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று கணக்கு வைத்திருக்கிற கம்பெனிகளுக்குக் கிரெடிட் பீரோ என்று பெயர். அங்கிருந்து அம்மாவின் கிரெடிட் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தேன். அம்மாவின் பெயர், கணவர் பெயர் பழனிச்சாமி, பிறந்த தேதி ஜனவரி 1, கிழக்குத் தெரு. அந்த இரண்டு கடனிலும் எல்லாம் ஒத்துப்போகிறது. ஊர் மட்டும் தாராபுரம் பக்கம். வாக்காளர் அட்டை எண்ணும் வேறு. இன்னொரு பழனிச்சாமியின் மனைவி வாங்கிய கடன் எங்கள் அம்மா பேரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழனி மலை கண்ணுக்குத் தெரிகிற வட்டாரத்தில் பழனிச்சாமிக்கா பஞ்சம்?

இது எப்படி நடக்கிறது என்றால், மாதச் சம்பளக்காரர்களுக்குப் பான் எண் இருக்கிறது, ஒரு எண்ணுக்கு ஒரு ஆள், குழப்பம் குறைவு. அம்மாவுக்கு அப்போது பான் கார்டே கிடையாது. பான் எண் இல்லாத இடத்தில் மென்பொருள் பெயரையும், கணவர் பெயரையும், பிறந்த தேதியையும், முகவரியையும் ஒப்பிட்டு, இவ்வளவு ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று ஒரு மதிப்பெண் போடும். பழனிச்சாமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவோம் என்பதால் எழுத்துப் பிழையையும் பொறுத்துக்கொள்ளும்படிதான் அதைச் செய்து வைத்திருப்பார்கள். பிறந்த தேதியின் கதை உங்களுக்குத் தெரியும். தேதி தெரியாதவர்களிடம் வயதைக் கேட்டு, வருஷத்தைக் கணக்குப் போட்டு, ஜனவரி 1 என்று ஆதாரில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் போனவர்களுக்காவது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி ஏதாவது ஒன்று இருக்கும், அம்மா அங்கேயும் போகவில்லை. குலசாமி பெயர், புருஷன் பெயர், ஜனவரி 1, கிழக்குத் தெரு. பள்ளிக்கூடம் போகாத, சம்பளச் சீட்டு இல்லாத, ஒரு பான் எண்கூட இல்லாத பெண்களெல்லாம் இந்த மென்பொருளின் கண்ணுக்கு ஒரே ஜாடையில்தான் தெரிவார்கள். இதில் எங்காவது சாதி என்றோ பாலினம் என்றோ கட்டம் இருக்கிறதா? இல்லை. அடி யார் மேல் விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

கம்பெனி மேலும் முழுக்கத் தப்பு சொல்ல முடியாது. ஒரு குடும்பம் மாதாமாதம் கட்டுகிற கடன் தவணை மொத்தமும் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022ல் ரிசர்வ் வங்கி விதி வைத்தது. சிறுகடனில் ஆட்கள் மூழ்கிச் செத்த பிறகு வந்த விதி, வேண்டிய விதிதான். அதற்காக எல்லாக் கடனையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது, தேடுவது மென்பொருள்.

அப்புறம் புகார் போட்டோம். கிரெடிட் பீரோவில் புகார் போட்டால் அவர்கள் அந்தக் கடனைக் கொடுத்த கம்பெனியைக் கேட்பார்கள். கம்பெனி 'ஆமாம், இந்தக் கடன் இருக்கிறது' என்று பதில் அனுப்பும். இருக்கத்தானே செய்கிறது! யாருடைய கடன் என்பதுதான் எங்கள் கேள்வி. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அதைப் போனில் சொன்னபோது, எதிர்முனையில் இருந்தவர் நான் ஏதோ புதுத் திட்டம் அறிவிப்பது போலக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்த இரண்டு வரிகளும் ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போயின. ஏன் வந்தது, எப்படிப் போனது, ஒரு விளக்கமும் கிடையாது. அதற்குள் பார்த்து வைத்திருந்த மாடு கைமாறிப் போய், அம்மா தோட்டை அடகு வைத்து வேறு மாடு பிடித்தார்.

நான் நாள் பூராவும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவன், எனக்கே இந்தப் பாடு. இப்படி ஒரு மகன் இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? கந்துவட்டிக்காரரின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவார்கள். அவர் ரிப்போர்ட் பார்ப்பதில்லை.



இதே மாதிரி, இதைவிடப் பெரிய அளவில் தெலங்கானாவில் நடந்தது. சமக்ர வேதிகா என்று ஒரு அமைப்பு, பல துறைகளின் தரவுகளைச் சேர்த்து இவர் ஏழையா இல்லையா என்று சொல்லும். அதை ஏ.ஐ. என்று பெருமையாகச் சொன்னது அரசாங்கமே. அங்கே 2014க்கும் 2019க்கும் இடையில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகள் ரத்தாயின. ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்தவரின் மனைவிக்கு, உங்கள் வீட்டில் கார் இருக்கிறது என்று சொல்லி அரிசி மறுக்கப்பட்டது. கார் வைத்திருந்தவர் கிட்டத்தட்ட அதே பெயருடைய இன்னொருவர். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், ரத்தான அட்டைகளை மறுபடியும் நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அதன் பிறகு முதலில் பரிசீலித்து முடித்த சுமார் இரண்டு லட்சம் மனுக்களில் 15,000க்கு மேல் தகுதியானவை என்று தெரிந்தது. அத்தனை குடும்பமும் அதுவரை என்ன சாப்பிட்டது? நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி பிடிக்கிறோம் என்று ஒரு மென்பொருளை வைத்து, அதில் டச்சுக் குடியுரிமை இல்லாததையே சந்தேகத்துக்கு ஒரு காரணமாகச் சேர்த்து, ஆயிரக்கணக்கான பெற்றோரைக் கடன்காரர்களாக்கினார்கள். அந்த ஊழலில் 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. நம் ஊரில் ஒரு தாசில்தார்கூட இடம் மாறியதாகத் தெரியவில்லை.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. 'இது ஏ.ஐ.யே இல்லை, வெறும் பெயர் ஒப்பீடு' என்பீர்கள். இருக்கட்டும், விற்கும்போது ஏ.ஐ. என்று விற்கிறார்கள், தப்பு நடந்தால் மட்டும் ஏ.ஐ. இல்லையா? 'மனுஷன் மட்டும் யோக்கியமா, பழைய பேங்க் மேனேஜர் எந்தத் தெரு என்று கேட்டுத்தானே கடன் கொடுத்தார்' என்றும் வருவீர்கள். உண்மைதான், எங்கள் தாத்தாவிடமே கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த மேனேஜருக்கு ஒரு முகம் இருந்தது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடலாம், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். டேப்லெட் வைத்திருந்த தம்பியிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம், அவருக்கே எதற்குச் சிவப்பு வந்தது என்று தெரியாது. நான் ஏ.ஐ.க்கு விரோதியும் இல்லை. கடையில் மனு எழுதுவதற்கே சாட்ஜிபிடிதான் வைத்திருக்கிறேன், என்னைவிட நன்றாக எழுதுகிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்றால் இதுதான்: சாதி, பாலினம் கட்டத்தை எடுத்துவிட்டால் பாகுபாடு போகாது, பாகுபாடு நடக்கிறதா என்று அளக்கிற வழிதான் போகும். ஆண்களில் எத்தனை பேருக்குத் தவறான சிவப்பு வருகிறது, பெண்களில் எத்தனை பேருக்கு, காலனிக்கு எத்தனை, ஊருக்கு எத்தனை என்று கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தகவல் எங்காவது இருந்தாக வேண்டும். முடிவெடுக்கிற மென்பொருளிடம் வேண்டாம், அதைத் தணிக்கை செய்கிறவர்கள் கையில் இருக்கட்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று இத்தனை வருஷமாகக் கேட்டதும் இதற்காகத்தான். கணக்கு இல்லையென்றால் எல்லோரும் சமம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். நீங்கள் இந்த மாதிரி மென்பொருள் எழுதுகிற வேலையில் இருந்தால், சிவப்பு காட்டுகிற திரையிலேயே எதனால் சிவப்பு என்று தமிழில் ஒரு வரி வருகிற மாதிரி செய்யுங்கள். 'தாராபுரம் பக்கத்துக் கடன்' என்று அன்றைக்கு ஒரு வரி வந்திருந்தால், திண்ணையிலேயே விஷயம் முடிந்திருக்கும், அப்பாவும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

இதைப் படிக்கிற மற்றவர்கள், வீட்டில் குழுக் கடன் வாங்குகிறவர்கள் இருந்தால் ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி, அவர்கள் வெப்சைட்டிலேயே எடுக்கலாம். இதற்கு 200 ரூபாய் கேட்கிற கடைகள் இருக்கின்றன, கொடுக்காதீர்கள். பிரிண்ட் வேண்டுமென்றால் அதற்குண்டான காசு மட்டும்தான்.