தடைப் பட்டியலில் பெயர் ஏறினால் என்ன நடக்கும்? – கேள்வி பதில்

வங்கி ஒன்றில், தடைப் பட்டியல்களோடு வாடிக்கையாளர் பெயர்களைச் சரிபார்க்கும் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தவள் நான். 2025 மார்ச்சில் பிரித்தானியா, உள்நாட்டுப் போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காக, இலங்கையின் முன்னாள் தளபதிகள் மூவர் மீதும் புலிகளிலிருந்து பிரிந்துபோன முன்னாள் தளபதி கருணா மீதும் தடை விதித்ததிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே எழுதுகிறேன்.

அக்கா, தடை என்றால் ஒரு நாட்டின் மீது போடுவதுதானே? தனி ஆள் மீது போடும் வழக்கம் எப்படி வந்தது?

தனி ஆள்கள் மீதான தடை முன்பும் உண்டு தம்பி. ஆனால் மனித உரிமை மீறலுக்கென்றே சட்டம் வந்தது மொஸ்கோ சிறையில் இறந்துபோன ஒருவரால். செர்கெய் மக்னிட்ஸ்கி வரி ஆலோசகர். 23 கோடி டொலர் வரிப்பணம் மோசடியாகத் திருப்பி எடுக்கப்பட்டதைக் கண்டுபிடித்து, அதில் அதிகாரிகளுக்குப் பங்கிருப்பதாகச் சாட்சியம் சொன்னார். 2008 நவம்பரில் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். பித்தப்பைக் கல், கணைய அழற்சி. வலி தாங்காமல் வைத்தியம் கேட்டு மனுமேல் மனு எழுதினார். கேட்டது கிடைக்கவில்லை. 358 நாள் சிறையிலிருந்து, 2009 நவம்பர் 16 அன்று இறந்தபோது வயது 37. இறந்த மனிதர் மீதே 2013இல் வழக்கு நடத்தி, குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதினார்கள்.

அவர் பெயரால் அமெரிக்கா 2012இல் ரஷ்ய அதிகாரிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2016இல் அதை எல்லா நாட்டவருக்கும் விரித்தது. 2017இல் கனடா, 2020இல் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும், 2021இல் அவுஸ்திரேலியா என்று மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள்.

பெயர் ஏறினால் நடைமுறையில் என்ன ஆகும்? விசா கிடைக்காது, அவ்வளவுதானா?

விசாத் தடை ஒரு பகுதி. பெரிய அடி சொத்து முடக்கம். பட்டியல் வெளியானதும் அந்த நாட்டு வங்கிகள் தங்கள் கணினியில் அதை ஏற்றிவிடும். பெயர் பொருந்தினால் கணக்கு அப்படியே நிற்கும். அவருக்குப் பணம் கொடுப்பதும் குற்றம். அமெரிக்கப் பட்டியல் என்றால் இன்னும் கடுமை. டொலரில் அனுப்பும் பணம் பெரும்பாலும் ஓர் அமெரிக்க வங்கி வழியாகத்தான் போகும் என்பதால், வேறு நாட்டு வங்கிகளும் அந்தப் பெயரைத் தொடப் பயப்படும்.

ஹொங்கொங்கின் ஆட்சித் தலைவராக இருந்த கேரி லாம் மீது அமெரிக்கா 2020இல் வேறோர் ஆணையின் கீழ் தடை விதித்தது. சில மாதங்களில் அவரே தொலைக்காட்சியில் சொன்னார்: தனக்கு வங்கிக் கணக்கு இல்லை, சம்பளம் நோட்டாகவே வருகிறது, வீட்டில் பணம் குவிந்து கிடக்கிறது என்று. உலகத்தின் பெரிய நிதி நகரங்களுள் ஒன்றை ஆண்டவருக்கே அந்த நிலை.

முடக்கிய பணம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகுமா?

பொதுவாகப் போகாது. பணம் அவருடையதாகவே இருக்கும். தொட முடியாது, அவ்வளவுதான்.

என் மாமாவின் பெயர் முரளிதரன். லண்டனிலிருந்து அவருக்கு அனுப்பிய பணம் நிற்கிறது. கருணாவின் இயற்பெயரும் அதுதான் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். பட்டியலில் இருப்பது விநாயகமூர்த்தி முரளிதரன். கணினி எழுத்து ஒற்றுமையைப் பார்த்து நிறுத்தும். பிறகு என்னைப் போல ஒரு மனுஷி உட்கார்ந்து பிறந்த தேதி, பிறந்த இடம், கடவுச்சீட்டு எண் பார்ப்பாள். தகப்பன் பெயரை முன்னே எழுதும் எங்கள் வழக்கம் அங்கே பலருக்குப் புரியாது. அதனால் மாமாவின் முழுப்பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே கொடுங்கள். ஆவணத்தின் தெளிவான பிரதியும் வைத்திருங்கள்.

இலங்கையர் யார் யார் மீது எந்த நாடுகள் தடை விதித்திருக்கின்றன?

அமெரிக்கா 2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவும் குடும்பத்தினரும் நாட்டுக்குள் வர முடியாதபடி செய்தது. 2023இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட. கனடா 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகளான மகிந்த, கோட்டாபய ராஜபக்ச இருவரையும் சேர்த்து நால்வரை. பிரித்தானியாவின் பட்டியலில் சில்வா, கரன்னாகொட, முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய, கருணா.

எல்லாரும் பெரிய பெயர்களைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் கனடாவின் நால்வரில் ஒருவரான, அமெரிக்கா 2021 டிசம்பரிலேயே விசாத் தடை விதித்த, இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்க. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த யாழ்ப்பாணத்து மிருசுவில் மக்கள் சிலர் தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், ஒரு பிள்ளைக்கு வயது ஐந்து. ஒருவர் தப்பி வந்து சொன்னதால்தான் புதைத்த இடம் தெரிந்தது. வழக்கு பதினைந்து ஆண்டுகள் இழுபட்டு, 2015இல் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அப்போது ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். எங்கள் நாட்டு நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பை ஒரு கையெழுத்து அழித்த பிறகு, அந்தக் குற்றத்துக்கு இன்னும் விலை இருக்கிறது என்று சொல்வது இந்த வெளிநாட்டுப் பட்டியல்கள் மட்டுமே. அந்த எட்டுக் குடும்பங்களை நினைத்தால் இது மிகச் சிறியது. ஆனாலும் வேண்டும்.

விசாரணை இல்லாமல் ஒருவரைத் தண்டிப்பது நியாயமா?

நல்ல கேள்வி. இது குற்றத் தீர்ப்பு அல்ல. பிரித்தானியாவில் நியாயமான சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தால் போதும். பெயரை நீக்கக் கோரலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த உரிமை இருக்கத்தான் வேண்டும். என் மனக்குறை வேறு. சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கசோக்ஜியின் கொலையில் சவூதி முடிக்குரிய இளவரசரின் ஒப்புதல் இருந்ததாக அமெரிக்க உளவுத்துறையே 2021இல் மதிப்பிட்டது. தடை விதித்தது அவருக்குக் கீழே இருந்தவர்கள் மீது, இளவரசரைத் தொடவில்லை. 2025இல், ட்ரம்பின் நண்பர் பொல்சொனாரோவின் வழக்கை விசாரித்த பிரேசில் நீதிபதி அலெக்சாண்டர் டி மொராயிஸ் மீது இதே சட்டத்தை ஏவினார்கள். சித்திரவதை செய்தவனுக்கு எதிராக எழுதிய சட்டத்தை நட்புக்கும் பகைக்கும் ஏற்ப வளைத்தால், அதை நம்பிச் சாட்சி சொன்னவர்களின் வாய்தான் அடைபடும்.

இதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?

சில இடங்களில் மாறியது. பங்களாதேசில் ராப் எனப்படும் அதிரடிப் படை மீது 2021 டிசம்பரில் அமெரிக்கா தடை விதித்த பிறகு, ‘மோதல்’ என்ற பெயரில் நடந்த கொலைகள் வெகுவாகக் குறைந்தன. இலங்கையில் அப்படிச் சொல்ல முடியாது. தடைக்குப் பிறகும் சில்வா இராணுவத் தளபதியாகத் தொடர்ந்தார். 2022இல் பாதுகாப்புப் படைகளின் பிரதானியாகப் பதவி உயர்வும் கிடைத்தது.

அம்மாவிடம் சாட்சியம் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது?

அரசுகள் மனித உரிமை அமைப்புகள் திரட்டும் கோப்புகளைப் பெறுகின்றன. சில்வா பற்றிய கோப்பொன்றைச் சர்வதேச உண்மை மற்றும் நீதிக்கான செயற்றிட்டம் 2021இல் பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தில் கொடுத்தது. அப்படிப்பட்ட அமைப்போடு பேசுங்கள்; முகநூலில் போடாதீர்கள். இலங்கையில் உறவினர் இருந்தால் அவர்கள் பாதுகாப்பை முதலில் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் ‘நல்லூர்த் திருவிழாவுக்கு அடுத்த கிழமை’ என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதுங்கள். நீங்களாகத் தேதி போடவேண்டாம். கண்ணால் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், பிரதி போதும். அம்மா களைத்துப்போனால் நிறுத்திவிடுங்கள். மீதியை இன்னொரு நாள் எழுதலாம்.