தக்காளி டானிக்கும் 0.04 கணக்கும்

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். மருந்துக் கடையில் ஒரு டானிக் நோட்டீஸ் கொடுத்தார்கள். ‘விளைச்சல் கூடியது, பி மதிப்பு 0.04’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 96 சதவீதம் உறுதி என்கிறார் கடைக்காரர். நானும் ஆறு இடத்தில் அடுத்தடுத்த பாத்திகளில் அடித்தும் அடிக்காமலும் பார்த்தேன். ஐந்து இடத்தில் அடித்ததில்தான் எடை கூட. முழு வயலுக்கும் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். டானிக் வெறும் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவதற்கு 100-ல் 4 வாய்ப்பு. 0.04 சொல்வது அவ்வளவுதான். டானிக் வேலை செய்கிறது என்பதற்கான உறுதி அதில் இல்லை.

உங்கள் வயல் கணக்கை விரல் விட்டே போடலாம். வெறும் தண்ணீர் என்றால் ஒவ்வொரு ஜோடியிலும் எது ஜெயிக்கும் என்பது பூவா தலையாதான். ஆறு தரம் சுண்டினால் 64 விதமாக விழும். ஆறும் தலை விழுவது ஒரு விதம், ஐந்து தலை விழுவது ஆறு விதம். ஆக 64-ல் 7, சுமார் 0.11. தண்ணீர் அடித்தவருக்கும் நூற்றுக்குப் பதினோரு தரம் இப்படி வந்துவிடும். அதற்காக டானிக் வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஆறு ஜோடி போதாது, அவ்வளவே.

பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் ‘பாஸ்’ என்ற வழக்கம், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்த புள்ளியியல் நிபுணர் ரொனால்டு ஃபிஷர் 1925-ல் வசதிக்காகச் சொன்னதிலிருந்து பரவியது. 0.049-க்கும் 0.051-க்கும் செடிக்கு வித்தியாசம் தெரியாது. பயனில்லாத டானிக்கை இருபது இடத்தில் சோதித்தாலே சராசரியாக ஓரிடத்தில் ‘பாஸ்’ வரும். அந்த ஒன்றை மட்டும் நோட்டீஸில் அச்சடிக்கலாம். ஏக்கருக்கு எத்தனை கிலோ கூடியது என்று அதில் இருக்கிறதா, பாருங்கள்.

இன்னொன்று: அடித்த பாத்திகள் எல்லாம் வால்வு பக்கமா? தண்ணீர் நன்றாகப் பாயும் பக்கம் தானாகவே ஜெயிக்கும். அப்படியிருந்தால் எந்தக் கணக்கும் உதவாது.

அடுத்த நடவில் பத்து ஜோடி போடுங்கள். எந்தப் பாத்திக்கு டானிக் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள், மற்றதற்கு வெறும் தண்ணீர் அடியுங்கள். முதல் பறிப்போடு நிறுத்தாமல் கடைசிப் பறிப்பு வரை எடை போடுங்கள். ஒன்பதோ பத்தோ ஜெயித்தால், வெறும் தண்ணீருக்கு அப்படி வரும் வாய்ப்பு 1024-ல் 11, சுமார் 0.01; நம்பலாம். எட்டு என்றால், எட்டோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 1024-ல் 56, சுமார் 0.055; இழுபறி. ஜெயித்தாலும், கூடின கிலோவுக்குக் கிடைக்கும் பணத்தில் டானிக் விலையும் அடிப்புக் கூலியும் போக மிச்சம் இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.