பழைய தேவாலய இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்து என்னதான் கண்டுபிடிக்கிறார்கள்? அது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வேன், இரண்டாவதற்குச் சுருக்கமாக. இங்கிலாந்தில் எலும்புத் தொல்லியலில் முதுகலை படித்தபோது ஓராண்டுக்கு மேல் இந்த எலும்புகளோடுதான் என் பகல்பொழுது கழிந்தது. இப்போது வேறு வேலை பார்க்கிறேன்.

பயிற்சியின் மூன்றாவது வாரம் என் மேசைக்கு வந்த அட்டைப்பெட்டியில் ஓர் இளம்பெண் இருந்தாள். இடுப்பெலும்பின் பின்புறப் பள்ளம் அகலமாக விரிந்திருந்ததால் பெண் என்று எழுதினேன். தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பின் உள்முனை இன்னும் ஒட்டாமல் இருந்தது. அதனால் வயது இருபதை ஒட்டி. பல் எனாமலில் வரிப்பள்ளம் இல்லை, கண்குழியின் கூரையில் துளைகள் இல்லை, காலெலும்பில் வீக்கமும் இல்லை. மகிழ்ச்சியோடு கடைசிக் கட்டத்தில் "உடல்நலம்: நன்று" என்று நிரப்பினேன். ஆசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் இருபது வயதில் ஏன் செத்துப்போனாள்?"

இந்தத் துறையில் நான் படித்த எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் பெரியது. எலும்பு மிக மெதுவாக வேலை செய்யும் பொருள். நோய் அதில் தடம் பதிக்க வாரங்கள், பல நேரம் மாதங்கள் ஆகும். கொள்ளைநோயோ கடுங்காய்ச்சலோ நாலைந்து நாளில் ஆளைக் கொண்டுபோய்விட்டால் எலும்பில் ஒரு கீறல்கூட இருக்காது. மாறாக, பல்லில் வரியும் கண்குழியில் துளையும் உள்ளவர் சின்ன வயதில் பட்டினியையோ நோயையோ சந்தித்து, அதைத் தாண்டி வாழ்ந்தவர். ஆக, தழும்புள்ள எலும்பு தாக்குப்பிடித்தவருடையது. பளபளவென்று இருக்கும் எலும்பு முதல் அடியிலேயே விழுந்தவருடையதாக இருக்கலாம். ஜேம்ஸ் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992இல் இதைக் கட்டுரையாக எழுதி, அதுவரை "நோய்த்தடம் அதிகம், ஆகவே அந்த ஊர் நோயாளி ஊர்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களைத் திகைக்க வைத்தார்கள்.

இனி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். யார்க்ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே வாரம் பெர்ஸி என்று ஒரு கிராமம் இருந்தது (நம் வாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை). ஆட்டுப்பட்டிக்காகக் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டு, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஊர் காலியாகிவிட்டது. அந்த இடைக்கால ஊரின் கட்டடங்களில் இன்று புல்மேட்டுக்கு இடையே கூரையில்லாத செயின்ட் மார்ட்டின் தேவாலயம் மட்டும் நிற்கிறது. மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே தோண்டினார்கள். கோயிலின் உள்ளும் முற்றத்திலும் கிடைத்தவற்றில் 687 எலும்புக்கூடுகளை சைமன் மேஸ் என்ற எலும்பியலாளர் ஆராய்ந்தார். சுண்ணாம்பு மண் எலும்பைக் காப்பாற்றும். அமில மண்ணாக இருந்திருந்தால் பாதிக்கு மேல் கரைந்துபோயிருக்கும்.

இவர்கள் அரசர்களோ பிஷப்புகளோ அல்லர். உழுதவர்கள், நூல் நூற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். மேற்கே தலை, கிழக்கே கால், ஒரு துணிச் சுற்று, அவ்வளவுதான். பெயர் கிடையாது, அணிகலன் கிடையாது. எழுத்தில் இவர்கள் தென்படுவதெல்லாம் வரிக்கணக்கிலும் நிலக்கணக்கிலும்தான்; குழந்தைகள் அதிலும் இல்லை.

என்னை மிகவும் பாதித்தது அந்தக் குழந்தைகளின் கணக்கு. பல் வளர்ச்சி பசியாலும் நோயாலும் அவ்வளவாகத் தாமதப்படுவதில்லை. எலும்பின் நீளம் உடனே பின்தங்கிவிடும். அதனால் வயதைப் பல்லிலிருந்தும் உயரத்தைத் தொடையெலும்பிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், பிள்ளை எவ்வளவு குறுகிப்போனது என்பது தெரிந்துவிடும். வாரம் பெர்ஸியின் பதினான்கு வயதுப் பிள்ளை இன்றைய பத்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தது. ஆனால் பெரியவர்களை அளந்தால் ஆண்கள் சராசரியாகச் சுமார் 169 செ.மீ., பெண்கள் சுமார் 158 செ.மீ. அப்படியொன்றும் குள்ளம் இல்லை. பிழைத்தவர்கள் இன்றைய பிள்ளைகளைவிட அதிக ஆண்டுகள் மெதுவாக வளர்ந்துகொண்டே போய், விட்டதை ஓரளவு பிடித்திருக்கிறார்கள். இதற்குள்ளும் என் ஆசிரியரின் கேள்வி ஒளிந்திருக்கிறது: நாம் அளக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை பதினான்கு வயதில் செத்த பிள்ளை. அதே வயதில் ஓடியாடிக்கொண்டிருந்த அதன் அண்ணன் எவ்வளவு உயரம் இருந்தான் என்பதை அந்தப் பெட்டி சொல்லாது.

பால்குடியையும் எலும்பு சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் எலும்பில் நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பு (நைட்ரஜன் அணுவின் சற்று எடை கூடிய வகை) தாயைவிட ஒரு படி கூடுதலாக இருக்கும். பால் மறந்தால் இறங்கிவிடும். அந்த ஊர்த் தாய்மார்கள் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு வயதுவரை பால் கொடுத்தார்கள் என்று இப்படித்தான் தெரிந்தது. எந்த ஆவணத்திலும் எவரும் எழுதி வைக்காத செய்தி இது.

அதே ஊரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு குடியானவனின் மண்டையோடும் கிடைத்தது. காலம் ஏறத்தாழ 960க்கும் 1100க்கும் இடையில். தலையில் பலத்த அடி. உடைந்த இடத்தில் யாரோ தோலை விலக்கி எலும்பைச் சுரண்டித் திறந்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். திறப்பின் விளிம்பு மழுங்கி ஆறியிருக்கிறது. அதாவது மனிதன் பிழைத்து, பிறகும் வாழ்ந்திருக்கிறான். மயக்க மருந்து இல்லாத காலம் அது. மண்டையைத் திறக்கும் வைத்தியம் வசதியானவர்களுக்குத்தான் கிடைத்திருக்கும் என்று நினைத்தவர்களுக்கு இந்த மண்டையோடு நல்ல பதில்.

இந்த ஊரைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்பது பேய்க்கதையைத்தான். 2017இல் வெளியான ஆய்வு அது. இடுகாட்டில் அல்லாமல் வீடுகள் இருந்த பகுதியில், ஒரு குழியிலிருந்து குறைந்தது பத்துப் பேரின் 137 எலும்புத் துண்டுகள். கத்தித் தடங்களும் தீப்பட்ட தடங்களும் இருந்தன. நரமாமிசம் என்றால் தசை கனமாக ஒட்டிய இடங்களில் வெட்டு இருக்க வேண்டும். இங்கே தலையிலும் கழுத்திலும் குவிந்திருந்தது. செத்தவர் எழுந்து வந்துவிடுவார் என்ற பயத்தில் உடலைச் சிதைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். சுவாரஸ்யம்தான், மறுக்கவில்லை. ஆனால் பால் மறந்த கணக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. தொலைக்காட்சியில் ஒரு மண்டையோட்டைக் கையில் ஏந்தி "இவருக்கு 53 வயது" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச்சின் நிலவறையை 1984 முதல் 1986 வரை காலி செய்தபோது ஏறக்குறைய ஆயிரம் பேரின் எலும்புகள் கிடைத்தன. அவை இடைக்காலத்தவை அல்ல, 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் 380க்கும் மேற்பட்டவர்களின் சவப்பெட்டித் தகட்டில் பெயரும் வயதும் இருந்தன. தகட்டைப் பார்க்காமல் வயது கணித்து, பிறகு ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு வித்தியாசத்துக்குள் சரியாக வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இளையவர்களுக்கு வயதைக் கூட்டியும் முதியவர்களுக்குக் குறைத்தும் போட்டிருந்தார்கள். "அக்காலத்தில் நாற்பதுக்கு மேல் யாரும் வாழவில்லை" என்ற பேச்சு பரவியதில் இந்தப் பிழைக்கும் பங்குண்டு. ஒழுங்கான அறிக்கையில் "46 வயதுக்கு மேல்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சிறு பிள்ளை ஆணா பெண்ணா என்பதைக்கூட எலும்பின் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பல் எனாமலின் புரதத்தையோ மரபணுவையோ சோதிக்க வேண்டும்.

இனி அவமரியாதை பற்றி. ஆர்வக்கோளாறில் யாரும் கல்லறையைத் தோண்டுவதில்லை. பெரும்பாலும் வடிகால் போட, சூடேற்றும் குழாய் பதிக்க, சுவர் சாயாமல் தாங்குகொடுக்கத் தோண்டும்போது எலும்பு வருகிறது. இங்கிலாந்தில் அதற்கு உரிமம் வேண்டும். தேவாலயத்தின் ஆளுகையில் உள்ள புனித நிலமானால் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் என்ற ஊரில் செயின்ட் பீட்டர் தேவாலயத்திலிருந்து எடுத்த 2,700க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை அதே தேவாலயத்துக்குள்ளேயே ஓர் அறை அமைத்துத் திரும்ப வைத்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் அனுமதி பெற்று அங்கே போய்ப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மரபணுவுக்காகக் காதெலும்பைத் துளைப்பதில்தான் எனக்குத் தயக்கம்; ஒருமுறை துளைத்த எலும்பு துளைத்ததுதான்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் ஊரில் குடும்பக் கல்லறையைத் திறந்து, பழைய எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாகச் செத்தவரை அடக்கம் செய்வார்கள். இடைக்கால ஆங்கிலேயர்களும் இடநெருக்கடியில் பழைய குழியை வெட்டி, வந்த எலும்பை ஒதுக்கிவிட்டுத்தான் புதைத்தார்கள். அதனால் எலும்பை எடுத்ததைப் பற்றி ஆச்சிக்கு எந்த வருத்தமும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டே என் வேலையை முழுதாக விசாரித்தாள். கழுவுவது, உலர்த்துவது, இடக்கை வலக்கை பிரித்துத் தனித்தனிப் பையில் போடுவது, பெட்டிக்கு எண் எழுதுவது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "பெட்டியை அடுக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைத்தீர்கள்?" என்றாள்.

அந்த அறையின் அலமாரிகள் வடக்கு தெற்காக இருந்தன. அதை அவளிடம் சொல்லவில்லை.